நோட்டீஸில் இல்லாத காரணம்: கொள்முதல் ஒப்பந்தங்கள் ஏன் பாதியில் முறிகின்றன



மகாராஷ்டிர மாநில மின்வாரியம் 2001 மே மாதம், டாபோல் மின் நிறுவனத்தோடு செய்திருந்த மின்கொள்முதல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 1993 டிசம்பரில் கையெழுத்தாகி, இருபது ஆண்டு ஓட வேண்டிய ஒப்பந்தம் அது. டாபோலின் பெரும்பங்கு அமெரிக்காவின் என்ரான் கையில் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பெக்டெலும் கூட்டாளிகள். வாரியம் எழுத்தில் சொன்ன காரணம் இது: அந்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி மின்சாரம் கேட்டோம், ஒப்பந்தப்படி மூன்று மணி நேரத்துக்குள் ஆலை முழுத் திறனை எட்டியிருக்க வேண்டும், எட்டவில்லை. அந்தக் குறைக்காக 401 கோடி ரூபாய் கேட்டார்கள். ஆலையின் திறனைப் பற்றி எங்களிடம் உண்மைக்கு மாறாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அடுத்த படி.

அன்றைக்கு இந்தியாவுக்குள் வந்திருந்த அந்நிய முதலீடுகளிலேயே மிகப் பெரியது டாபோல். அதில் மின்வாரியமே ஒரு பங்குதாரர் என்பது இன்னொரு வேடிக்கை. அப்படிப்பட்ட ஆலையை மூன்று மணி நேரக் கணக்குக்காக யாரும் மூட மாட்டார்கள். காரணம் மாதாமாதம் வந்த பில்லில் இருந்தது.

அந்த மின்சாரத்தின் விலை இரண்டு பகுதியாக இருந்தது. ஆலை தயாராக நிற்பதற்காகவே கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று; மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். எரிபொருள் செலவு மற்றொன்று. விலையின் பெரும்பகுதி டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1993-இல் 31 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், 2001-இல் 46 ரூபாயைத் தாண்டிவிட்டது. முதல் கட்டமான 740 மெகாவாட் ஆலை 1999 மே மாதம் ஓடத் தொடங்கியபோது அதில் எரிந்தது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாஃப்தா. அடுத்த ஆண்டே எண்ணெய் விலை ஏறியது. மாநிலத்தின் மின்தேவையோ எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. வாரியம் குறைவாக எடுக்க எடுக்க, அதே நிலைக்கட்டணம் குறைந்த யூனிட்களின் மேல் விழுந்தது. ஒரு யூனிட் ஏழு ரூபாயைத் தாண்டிய மாதங்கள் உண்டு. வாரியம் மக்களிடம் சராசரியாக வசூலித்தது அதில் பாதிகூட இல்லை. இரண்டாம் கட்டமும் சேர்ந்தால் மொத்தம் 2,184 மெகாவாட். அது ஏறக்குறையக் கட்டி முடிந்திருந்தது. அதுவும் ஓடத் தொடங்கினால் வாரியத்தின் நிதி என்ன ஆகும் என்று கணக்குப் போடப் பெரிய பொருளாதார மேதை தேவையில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். ஒப்பந்தம் முறியும்போது இரண்டு காரணங்கள் இருக்கும். நோட்டீஸில் எழுதும் காரணம் ஒன்று, கணக்கேட்டில் இருக்கும் காரணம் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘இந்த ஒப்பந்தம் வேண்டாம்’ என்று மேலிடத்தில் முடிவான பிறகுதான் கோப்பு எங்கள் மேசைக்கு வரும். ஒப்பந்தத்தைத் திறந்து, சப்ளையர் எந்தப் பிரிவில் வழுக்கியிருக்கிறார் என்று தேடுவது எங்கள் வேலை. தேடினால் கிடைக்காமல் போகாது. நூறு பக்க ஒப்பந்தத்தை ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றிய சப்ளையரை நான் பார்த்ததில்லை.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். சப்ளை தாமதமானதால் ரத்து என்பதுதான் நோட்டீஸ்களில் அதிகம் வரும் வாசகம். ஆனால் தாமதம் ஒப்பந்தத்தை முறிப்பதில்லை. வாங்குபவருக்குப் பொருள் தேவையாக இருந்தால் அவர் காத்திருப்பார். ஓ.என்.ஜி.சி. – சா பைப்ஸ் வழக்கைச் சட்ட மாணவர்கள் நடுவர் மன்றத் தீர்ப்புக்காகப் படிக்கிறார்கள். அதன் அடியில் கிடக்கும் கதை கொள்முதல்காரர்களுக்கு உரியது. 1996-இல் எண்ணெய்க் கிணறுகளுக்கான உறைக் குழாய்களுக்கு ஆர்டர் போகிறது. ஐரோப்பாவில் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், மூலப்பொருள் வரவில்லை, குறித்த நாளில் குழாய் வரவில்லை. ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. கால நீட்டிப்புக் கொடுத்தது, தாமதத்துக்கான தொகையைப் பில்லில் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடித்தம் சரியா என்பதுதான் உச்ச நீதிமன்றம் வரை போய் 2003-இல் தீர்ந்தது. கிணறு தோண்ட வேண்டும், அதற்குக் குழாய் வேண்டும். வேண்டும் என்பதால் ஒப்பந்தம் பிழைத்தது.

இதற்கு நேர்மாறான கதை போயிங் 737 மேக்ஸ். இரண்டு விபத்துகளுக்குப் பிறகு 2019 மார்ச்சில் உலகம் முழுவதும் அந்த விமானம் தரையிறக்கப்பட்டது. அமெரிக்காவில் அது மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது 2020 நவம்பரில். விமானக் கொள்முதல் ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு பிரிவு உண்டு: ஒப்படைப்பு ஓராண்டுக்கு மேல் தாமதமானால் வாங்குபவர் அபராதமின்றி விலகலாம். தரையிறக்கப்பட்ட முதல் ஓராண்டில் விமான நிறுவனங்கள் கோபப்பட்டன, இழப்பீடு கேட்டன. ஆனால் பெரும்பாலானவை ஆர்டரைக் கைவிடவில்லை. பயணிகள் இருந்தார்கள், விமானம் வேண்டியிருந்தது. பிறகு கோவிட் வந்தது, விமான நிலையங்கள் காலியாயின. நூற்றுக்கணக்கான மேக்ஸ் ஆர்டர்கள் 2020-இல் ரத்தாயின. நார்வேஜியன் ஏர் மட்டும் அந்த ஜூனில் 92 மேக்ஸ் விமானங்களை ரத்துசெய்தது. தாமதம் முன்பும் இருந்தது. தேவை இல்லாமல் போனபோதுதான் அது காரணமாகப் பதவி பெற்றது.

எந்தக் காரணத்தை எழுதினால் என்ன, முறிந்தது முறிந்ததுதானே என்று மாணவர்கள் கேட்கலாம். பெயரில்தான் பணம் இருக்கிறது. அமெரிக்க அரசுக் கொள்முதலில் இரண்டு வகை முறிவு உண்டு. சப்ளையரின் குற்றத்தால் முறிப்பது ஒன்று. அரசின் வசதிக்காக முறிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தேவையற்றுப்போன போர்த்தளவாட ஆர்டர்களைத் தீர்த்துக்கொள்ளத் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழக்கம். வசதிக்காக முறித்தால், செய்த வேலைக்கு ஆன செலவையும் அதற்கு நியாயமான லாபத்தையும் அரசு தர வேண்டும். இனி வரவிருந்த லாபத்தைத் தர வேண்டியதில்லை. குற்றத்தால் முறித்தாலோ, முன்பணமாகப் போனதையே திருப்பிக் கேட்கலாம்.

கடற்படைக்காக மெக்டானல் டக்ளஸும் ஜெனரல் டைனமிக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ஏ-12 என்ற ராடாருக்குப் புலப்படாத விமானம் இந்த வேறுபாட்டில்தான் மாட்டியது. 1988-இல் ஒப்பந்தம், எடை ஏறியது, செலவு ஏறியது, முதல் பறத்தல் தள்ளித் தள்ளிப் போனது. 1991 ஜனவரி 7-ஆம் தேதி, டிக் செனி பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, திட்டம் முறிக்கப்பட்டது. நோட்டீஸில் சப்ளையரின் குற்றம் என்று எழுதினார்கள். கொடுத்த பணத்தில் ஏறக்குறைய 135 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். சோவியத் யூனியன் தளர்ந்து பாதுகாப்புச் செலவு சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் விசாரித்த நீதிமன்றம், கடற்படை குற்றத்தை ஆராய்ந்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை, இது வசதிக்கான முறிவே என்றது. மேல்முறையீட்டில் அது மாறியது, திரும்ப வந்தது, மீண்டும் போனது. 2011-இல் உச்ச நீதிமன்றம், ராணுவ ரகசியங்களை வெளியிடாமல் இதைத் தீர்க்க முடியாது, இரு தரப்பும் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. 2014-இல்தான் சமரசம்: 40 கோடி டாலர் மதிப்புள்ள பொருளும் சேவையும் அரசுக்கு. ஒரு நோட்டீஸில் எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்ற கேள்விக்கு இருபத்து மூன்று ஆண்டுகள்.

இனி விலைக்கு வருவோம். நெடுங்கால ஒப்பந்தம் என்பது எதிர்கால விலையைப் பற்றி இருவர் கட்டும் பந்தயம். சந்தை விலை ஒப்பந்த விலையை விட்டு வெகுதூரம் விலகினால், நட்டப்படுகிறவர் யாரோ அவர் வாசலைத் தேடுவார். வாங்குபவர் மட்டும்தான் ஓடுவார் என்று நினைக்க வேண்டாம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அணு உலைகளை விற்கும்போது, உலைக்கு வேண்டிய யுரேனியத்தையும் ஏறக்குறைய நிலையான விலையில் தருகிறேன் என்று மின் நிறுவனங்களுக்கு வாக்குக் கொடுத்தது. விலை பவுண்டுக்குப் பத்து டாலர் அளவில் இருந்தது. வாக்குக் கொடுத்த யுரேனியத்தில் ஏறக்குறைய ஆறரைக் கோடி பவுண்டு அதன் கையில் இல்லை. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் யுரேனியம் விலை ஏறியது. சில ஆண்டுகளில் நாற்பது டாலரைத் தாண்டியது. 1975 செப்டம்பரில் வெஸ்டிங்ஹவுஸ், வணிக ரீதியில் நிறைவேற்ற இயலாத நிலை என்று காரணம் சொல்லிக் கைவிரித்தது. மின் நிறுவனங்கள் வரிசையாக வழக்குப் போட்டன. உற்பத்தியாளர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றினார்கள் என்ற உண்மையும் இடையில் வெளிவந்தது. வெஸ்டிங்ஹவுஸின் புலம்பலில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வர்ஜீனியாவில் விசாரித்த நீதிபதி 1978-இல், இந்தக் காரணம் உங்களை விடுவிக்காது என்றார். கையில் இல்லாததை விற்றவர், விலை ஏறியதைக் கடவுளின் செயல் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் இதே சட்டம்தான். இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதி விலை விதிகளை மாற்றியபோது குஜராத்தின் முந்த்ராவில் அந்த நிலக்கரியை எரித்த மின் நிறுவனங்கள் விலக்குக் கேட்டன. விலை ஏறுவது ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் செய்வது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. இதற்கெல்லாம் முன்னோடியாக எனக்குப் பிடித்தது சூடான் நிலக்கடலை வழக்கு. 1956-இல் போர்ட் சூடானிலிருந்து ஹாம்பர்க்குக்கு நிலக்கடலை அனுப்ப ஒப்பந்தம். நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடிக்கொண்டது. அனுப்ப முடியாது என்றார் விற்றவர். ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுபோயிருக்கலாமே, செலவு கூடும், அவ்வளவுதானே என்றது இங்கிலாந்தின் உயர்மட்ட நீதிமன்றம்.

விலை விலகினால் முறிவு நிச்சயமா? இல்லை. பெட்ரோநெட் எல்.என்.ஜி. நிறுவனம் 1999-இல் கத்தாரின் ராஸ்காஸுடன் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் திரவ எரிவாயு. விலையை ஐந்து ஆண்டு எண்ணெய் விலையின் சராசரியோடு பிணைத்திருந்தார்கள். எண்ணெய் ஏறும்போது இது வாங்குபவருக்கு நிழல். 2014-இல் எண்ணெய் சரிந்தபோதோ, பழைய உயரங்களின் சராசரி அவர் கழுத்தைப் பிடித்தது. 2015-இல் ஒப்பந்த விலை பன்னிரண்டு, பதின்மூன்று டாலர். உடனடிச் சந்தையில் ஏழு டாலர் அளவில் கிடைத்தது. பெட்ரோநெட் ஒப்பந்த அளவில் மூன்றில் ஒரு பங்கை எடுக்காமல் விட்டது. எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்ற பிரிவின்படி ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் கட்ட வேண்டும். இந்த இடத்தில் டாபோல் பாதையில் போயிருக்கலாம். கத்தாரின் கப்பலில் ஏதாவது குறை கண்டுபிடித்திருக்கலாம். போகவில்லை. 2015-இன் கடைசி நாளில் புதிய விலைச் சூத்திரத்தில் கையெழுத்தானது: ஐந்து ஆண்டுச் சராசரிக்குப் பதில் மூன்று மாதச் சராசரி. அபராதம் தள்ளுபடி, பதிலுக்கு இந்தியா ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கூடுதலாக எடுக்க ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அதே ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தார்கள்.

கத்தார் ஏன் இறங்கிவந்தது? உலகச் சந்தையில் எரிவாயு வழிந்துகொண்டிருந்த ஆண்டு அது. வளர்ந்துவரும் வாங்குபவரை அபராதம் போட்டு விரட்டிவிட்டால், அந்த எரிவாயுவை ஏழு டாலருக்குத்தான் வேறு யாருக்காவது விற்க வேண்டும். இரு பக்கமும் விலகும் செலவு அதிகமாக இருந்தது, அதனால் பேசினார்கள். நல்லெண்ணம் என்று இதற்குப் பெயர் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கணக்கு இல்லாத நல்லெண்ணத்தை இந்தத் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை.

விலகும் செலவு ஒரு பக்கம் குறைவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்தியா பார்த்திருக்கிறது. கெயில் நிறுவனம் 2012-இல் ரஷ்யாவின் காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் பிரிவோடு இருபது ஆண்டு எரிவாயு ஒப்பந்தம் போட்டது. உக்ரைன் போருக்குப் பின் அந்தப் பிரிவின் தாய் நிறுவனம் ஜெர்மனி அரசின் கைக்குப் போனது; 2022-இன் நடுவிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டிய கப்பல்கள் வரவில்லை, பதினேழு கப்பல்கள். ஐரோப்பாவில் எரிவாயு விலை வரலாறு காணாத உயரத்தில் இருந்த கோடை அது. அனுப்பாமல் விட்டால் கட்ட வேண்டிய அபராதம் ஒப்பந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அப்போது செய்திகள் வந்தன. கெயில் லண்டனில் நடுவர் மன்றம் போய் 180 கோடி டாலருக்கு மேல் கேட்டது. 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமானது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1897-இல் ஒரு சொற்பொழிவில் இதைத் துணிந்து சொன்னார்: ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் கடமை என்பது, காப்பாற்றாவிட்டால் இழப்பீடு கட்ட நேரும் என்ற முன்கணிப்பு மட்டுமே. பொருளாதார அறிஞர்கள் பின்னால் வந்து இதற்கு அழகான கணிதம் எழுதினார்கள். முறிப்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் எதிராளியின் இழப்பைவிடப் பெரிது என்றால், இழப்பை ஈடுகட்டிவிட்டு முறிப்பது சமூகத்துக்கே நல்லது என்பார்கள். கணிதத்தில் பிழை இல்லை. ஆனால் அது முழுக்க ‘ஈடுகட்டிவிட்டு’ என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல் பெட்ரோநெட்டுக்கும் கத்தாருக்கும் இடையில் உயிரோடு இருக்கிறது. பின்னலாடைத் தொழிலில் அது எங்கே இருக்கிறது?

திருப்பூரிலும் டாக்காவிலும் ஒரு ஆர்டர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் புரியும். பையர் டிசைன் விவரம் அனுப்புகிறார். சாம்பிள் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. விலை படிகிறது, பி.ஓ. என்கிற கொள்முதல் ஆணை வருகிறது. அந்த பி.ஓ.வைக் காட்டி ஏற்றுமதியாளர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற உற்பத்திக் கடன் வாங்குகிறார். நூல் வாங்குவது அவர் பணத்தில். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங், எல்லாம் அவர் பணத்தில். தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பிறகு அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்துத்தான் பையர் பணம் அனுப்புவார். வங்கி உறுதி தரும் எல்.சி. திறக்கிற பழக்கம் பெரிய பையர்களிடம் குறைந்துவிட்டது; நம்பிக்கைக் கணக்குதான். அதாவது உலகின் பணக்கார வாங்குபவருக்கு, நாலைந்து மாதம் கடன் கொடுத்து நிற்பவர் திருப்பூர்க்காரர். பல பெரிய வாங்குவோரின் பி.ஓ.க்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், சரக்கு கைமாறும் வரை எந்தப் பொறுப்புமின்றி ரத்துசெய்யும் உரிமை எழுதப்பட்டிருக்கும். கல்யாண மண்டபத்தைப் பதிவுசெய்துவிட்டு ரத்துசெய்தால் முன்பணம் போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே முன்பணமே கிடையாது.

2020 மார்ச்சில் கோவிட்டால் கடைகள் மூடின. பிரைமார்க் போன்ற ஆடைக்கடை நிறுவனத்துக்கு இணைய விற்பனையே இல்லை. மாதம் 65 கோடி பவுண்டு விற்பனை ஒரே வாரத்தில் பூஜ்யமானது. ஆர்டர் ரத்துகள் டாக்காவில் மழையாகக் கொட்டின. வங்கதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கத்தின் கணக்கில் 318 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தப்பட்டன. பாதிக்கப்பட்ட தொழிற்சாலைகள் 1,150. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஆனர் அந்த மாதமே அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட சப்ளையர்களிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆர்டர் ரத்தானபோது, வாங்கிவைத்த மூலப்பொருளுக்குப் பணம் தர மறுத்த பையர்கள் 72.1 சதவீதம். வெட்டித் தைத்த கூலியைத் தர மறுத்தவர்கள் 91.3 சதவீதம். பலர் எதிர்பாராத பேரிடருக்கான ‘ஃபோர்ஸ் மஜூர்’ பிரிவைக் காட்டினார்கள். கொள்ளைநோய் அசாதாரண நிகழ்வுதான், மறுக்கவில்லை. ஆனால் தைத்து முடித்துப் பெட்டியில் அடைத்த சட்டைக்குப் பணம் கட்டுவதைக் கொள்ளைநோய் எப்படித் தடுக்கும்? தடுத்தது, விற்பனை நின்றதும் கையிலிருக்கும் ரொக்கத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நிதிப் பிரிவின் முடிவு.

மார்ச் இறுதியில் எச் அண்ட் எம், முடிந்த சரக்கையும் உற்பத்தியில் இருந்த சரக்கையும் எடுத்துக்கொண்டு பேசிய விலையைத் தருவதாக அறிவித்தது. வேறு சிலரும் தொடர்ந்தார்கள். பிரைமார்க்கும் சில வாரங்களில் இறங்கிவந்தது. அவர்களை இறக்கியது பெரும்பாலும் நீதிமன்றம் அல்ல, தொழிலாளர் அமைப்புகள் பெயர் பெயராக வெளியிட்ட பட்டியல். அடுத்த சீசனும் அதே பையரிடம்தான் ஆர்டர் கேட்க வேண்டும் என்பவர் எப்படி வழக்குப் போடுவார்?

போட்டால்தான் என்ன கிடைக்கும்? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 39-ஆம் பிரிவு, ஒருவர் நிறைவேற்ற மறுத்தால் மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. 73-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. ஆனால் இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேட்கும். ரத்தான சரக்கின் லேபிளை வெட்டிவிட்டுத் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளினால், அது உங்கள் இழப்பிலிருந்து கழிக்கப்படும். ஒப்பந்தத்திலேயே நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று இருந்தால் கதை இன்னும் சுருங்கும். இந்தியன் ஆயில் – அமிர்தசரஸ் கேஸ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முப்பது நாள் நோட்டீஸில் முடிக்கக்கூடிய ஒப்பந்தம் என்றால், தவறாக முறித்தாலும் முப்பது நாள் வருமானம்தான் இழப்பீடு. இதெல்லாம் இந்தியச் சட்டம் பொருந்தினால். பி.ஓ.வில் பெரும்பாலும் எழுதியிருப்பது வேறு நாட்டுச் சட்டம், வேறு ஊர் நீதிமன்றம்.

சப்ளையர் பக்கம் முடியாமல் போகும்போது இதே பெருந்தன்மை கிடைக்குமா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்டவை. ஆற்றைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு தாமதமாகத்தான் வந்தது என்பது என் கருத்து. ஆனால் கையில் ஆர்டர் வைத்திருந்தவர் துணியை வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் போட்டார். கூடுதல் செலவு அவருடையது. கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்பு, கட்டணமும் உன்னுடையது என்பது இந்தத் தொழிலின் எழுதாத விதி. சூடான் நிலக்கடலைக்காரருக்குச் சொன்ன பதில்தான்: சுற்றிப் போ.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது மீண்டும் இதையே பார்த்தோம். சரக்கு கப்பல் ஏறும்வரை மட்டுமே விற்பவர் பொறுப்பு என்கிற எஃப்.ஓ.பி. விற்பனையில் இறக்குமதி வரி கட்ட வேண்டியவர் பையர். இருந்தும், விலையைக் குறை, வரியில் பாதியை ஏற்றுக்கொள், இல்லையென்றால் ஆர்டரை நிறுத்திவைக்கிறோம் என்ற மின்னஞ்சல்கள் வந்தன. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். இங்கே ‘நிறுத்திவைப்பு’ என்பது ரத்தைவிட மோசம் என்பார்கள் தொழிலில் உள்ளவர்கள். ரத்தானால் சரக்கை வேறு யாருக்காவது விற்கலாம். நிறுத்திவைத்தால் அதுவும் முடியாது, வட்டி மட்டும் ஓடும்.

மோசடி, கையூட்டு, திவால் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை விரைந்து கடக்கிறேன். அகஸ்டா வெஸ்ட்லாண்டின் பன்னிரண்டு ஹெலிகாப்டர் ஒப்பந்தத்தை இந்தியா 2014 ஜனவரி முதல் நாள் முறித்தது. நேர்மை உடன்படிக்கை மீறப்பட்டது என்பது காரணம். அங்கே நோட்டீஸும் உண்மையும் பெருமளவு ஒத்துப்போயின. திவாலைப் பொறுத்தவரை, சூரிய மின்சாரம் வாங்கிய குஜராத் ஊர்ஜா நிறுவனம், விற்றவர் திவால் நடவடிக்கைக்குள் போனதையே காரணமாகக் காட்டி விலகப் பார்த்தது. அந்த ஒரே வாங்குபவர் போய்விட்டால் அந்த நிறுவனம் மீளவே முடியாது, ஆகவே திவாலை மட்டும் காட்டி முறிக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பழைய ஒப்பந்தம் போடப்பட்ட காலத்தைவிட சூரிய மின்சாரம் வெகுவாக மலிந்திருந்தது என்ற பின்னணியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விலக முடியாதபடி இறுக்கிக் கட்டுவதுதான் வழியா? டாபோல் அப்படித்தான் கட்டப்பட்டது. மாநில அரசின் உத்தரவாதம், அதற்கு மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம். 1995-இல் ஆட்சி மாறியதும் ஒரு முறை ரத்து, அடுத்த ஆண்டு திருத்தம், 2001-இல் இறுதி முறிவு. விலகும் விலை கட்டவே முடியாத அளவுக்கு உயர்ந்தால், யாரும் அதைக் கட்டுவதில்லை. வேறு காரணம் தேடுகிறார்கள். விலகும் விலை இருக்க வேண்டும், அது கட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஆடைத் தொழிலுக்கு நான் சொல்வது படிப்படியான ரத்துக் கட்டணம். நூல் வாங்கிய பின் ரத்தானால் நூல் செலவும் வட்டியும். சாயம் ஏறிய பின் துணியின் முழு அடக்கவிலை. வெட்டிய பின் தையல் கூலியும் சேர்த்து. பெட்டியில் அடைத்த பின் பி.ஓ. விலை முழுவதும். இது என் கற்பனை அல்ல. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2021-இல் வெளியிட்ட மாதிரிப் பிரிவுகள், வாங்குபவர் விலகும்போது அவருக்கும் பொறுப்பு உண்டு என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. பல நாடுகளின் ஆடை உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து அதே ஆண்டு நியாயமான வணிக விதிகள் என்று ஓர் ஆவணம் கொண்டுவந்தன. ஒற்றை ஏற்றுமதியாளர் இதைக் கேட்டால் பையர் பக்கத்து நாட்டுக்குப் போவார். சங்கங்கள் சேர்ந்து கேட்டால் போவதற்கு இடம் குறையும். டாக்காவும் திருப்பூரும் ஒரே தாளில் கையெழுத்திடாமல் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று போட்டியாக மட்டுமே பார்த்துப் பழகியவை.

அதுவரை கையிலுள்ள வேலை ஒன்று இருக்கிறது. ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் வழக்கமான பாலிசி, சரக்கு கப்பல் ஏறிய நாளிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. வந்த சரக்குக்குப் பையர் பணம் தராவிட்டால் உதவும். நான் இவ்வளவு நேரம் பேசிய ரத்துகளில் பெரும்பாலானவை கப்பல் ஏறும் முன்பே நடப்பவை. பேக்கிங் கிரெடிட் வாங்கியவரின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பதும் அந்த இடைவெளியில்தான். இங்கே இருக்கும் ஏற்றுமதி நண்பர்கள் நாளை தங்கள் பாலிசியை எடுத்து, பாதுகாப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்ற வரியைப் படியுங்கள், பி.ஓ.வைத் திருப்பி, ரத்துப் பிரிவையும் படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள், அந்த நாட்களில் உங்கள் பணம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வங்கி மேலாளரைப் பாருங்கள். முன்ஏற்றுமதிக் காலத்துக்கும் பொருந்தும் பாலிசி தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. கேட்காதவருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.